சின்னக்குழந்தை கட்டிய குடில்

"குடிலுன்னா இன்னா கண்ணு?"

ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, பலாமரத்தடியில் நின்று சின்னக்குழந்தை கத்தினாள். மாமரத்துக்கொல்லை என்கிற அந்த மலையூரில் அவர்கள் வீட்டுப் பக்கம் ஃபோன் பேச முடிகிற இடம் அது ஒன்றுதான். சின்னக்குழந்தை என்ற பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். கூடப் பிறந்தவர்களில் கடைசி என்பதால் வைத்த பெயர். இப்போது அவள் ஜீப் ஓட்டும் பார்த்திபனுக்கு அம்மா. ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அன்பரசிக்கு மாமியார்.

"குடிசை மாதிரிதான் அத்தே," என்றாள் மறுமுனையில் அன்பரசி. "இயேசு பொறந்த எடம். கிறிஸ்மஸுக்கு ஸ்டாரு கட்டுவோம், குடில் வைப்போம். ஸ்டாரு கூட இல்லாட்டி பரவால்ல, அப்பாவுக்குக் குடில் இருக்கணும்."

"எவ்ளோ பெருசு?"

"சின்னதா போதும் அத்தே. மாதா, சூசையப்பரு, கொழந்த, ஒரு மாடு, ஆடு, ஆடு மேய்க்கறவங்க, மூணு ராஜா. இவங்கல்லாம் நிக்கற மாதிரி எடம் இருந்தா ஆச்சு. கீழ வைக்கோல் போடுங்க. மத்ததெல்லாம் அப்பாவே எடுத்துட்டு..."

அதோடு லைன் போய்விட்டது. சின்னக்குழந்தை மறுபடி போட்டாள், கிடைக்கவில்லை. அந்த வாரம் ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் லீவு. அன்பரசி அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கி வேலை பார்த்தாள். கூப்பிட்டால் எடுக்க நேரமில்லை. எடுக்க நேரமிருந்தால் சிக்னல் இல்லை.

சின்னக்குழந்தை விரல் மடக்கிப் பார்த்தாள். மாடு, ஆடு, தாயும் பிள்ளையும், புருஷன்காரர், மேய்க்கிறவர்கள், மூன்று ராஜா. இதுவா சின்னது?

வீட்டுக்கு வந்து கணவர் சடையனிடம் சொன்னாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

"ராஜாங்களா? அப்ப கூத்துதான்," என்றார். "வேஷம் கட்டினு வருவாங்க. நம்ம பக்கம் அர்ச்சுனன் வேஷம் கட்டறதில்லியா? அவங்க சாமிக்கும் கூத்து இருக்கும். சம்மந்தி வாத்தியாரா இருந்தவரு. ஆளுங்களக் கூட்டினு வருவாரு."

"மாதா வேஷம் பொம்பள கட்டுவாங்களா, ஆம்பளயா?"

"எவன் கட்டினா இன்னா? கொட்டாய் நம்மளது. ஜம்முனு போட்டுட மாட்டேன்?"

சின்னக்குழந்தைக்கு அது ஜம்மென்று இருந்தே ஆகவேண்டும். காரணம் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், பார்த்திபனும் அன்பரசியும் ரிஜிஸ்டர் கல்யாணம் முடித்து வந்த அன்று, பெண்ணின் அப்பா ஜீவானந்தம் இந்த வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே வரவில்லை. இலை போட்டிருக்கிறது என்றார்கள். வயிறு சரியில்லை என்றார். தண்ணீர்கூடக் கையில் கொண்டு வந்திருந்த பாட்டிலில் குடித்தார். போகும்போது உடன் வந்தவரிடம், "கிறிஸ்மஸ் இல்லாத வீட்டுக்குப் போறா என் பொண்ணு" என்று மெல்லிய குரலில் சொன்னார். அதில் கோபம் இல்லை, வெறும் துக்கம்தான். பானகச் சொம்போடு பின்னால் நின்ற சின்னக்குழந்தையின் காதில் அது விழுந்துவிட்டது. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் கோபப்பட்டுவிட்டு மறந்திருப்பாள்.

அதற்குப் பிறகு வந்த கிறிஸ்மஸ்களுக்கு அன்பரசி அப்பாவின் ஊரான செங்கத்துக்குப் போய்விட்டாள். இந்த வருடம் டூட்டி. போக முடியாது என்று தெரிந்ததும் ஜீவானந்தம், "அப்ப நான் வந்து பாத்துட்டு, கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிடறேன். ராத்திரி பூசைக்கு இங்க இருக்கணும்" என்று சொல்லியிருந்தார். வந்து பார்த்துவிட்டு. சாப்பிட்டுவிட்டு அல்ல. சின்னக்குழந்தை அந்த வித்தியாசத்தைக் கவனித்திருந்தாள். அவர் இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டால் போதும். அவள் வேண்டிக்கொண்டது அவ்வளவுதான்.

அவளுக்கு அந்தப் பிறப்பின் கதையும் தெரியும். ஒரு நாள் சாமை புடைக்கும்போது அன்பரசி சொல்லியிருக்கிறாள். நிறைமாதக்காரி ஊர் விட்டு ஊர் வந்தாளாம். எல்லா வீட்டிலும் இடமில்லை என்றார்களாம். மாட்டுக் கொட்டகையில் பிள்ளை பெற்றாளாம். சின்னக்குழந்தை முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "இன்னா ஊரு அது? வவுத்துப் பிள்ளக்காரிய வெளிய நிக்க வைக்கற ஊரு!" என்று அன்று முழுக்க யாரையோ திட்டிக்கொண்டே இருந்தாள்.

அதனால் குடில் நன்றாகவே எழும்பியது. சடையன் மூங்கில் வெட்டிக் கால் நட்டார். ஓடைக்கரையிலிருந்து ஈச்ச ஓலையைப் பச்சையாக வெட்டி வந்து, ஆள் குனியாமல் நுழைகிற உயரத்தில் வேய்ந்தார். ராஜாக்களுக்குக் கிரீடம் இருக்கும் அல்லவா? தரையைச் சின்னக்குழந்தை சாணம் போட்டு மெழுகி, மேலே வைக்கோலுக்குப் பதில் சாமைத் தாள் பரப்பினாள். அன்பரசி முன்பே வாங்கி வைத்திருந்த காகித ஸ்டாரை நீள மூங்கிலில் கட்டி, உள்ளே பல்பு போட்டு உச்சியில் நிறுத்தினார்கள்.

விடிவதற்குள் கிளம்பி, ஊர் அடங்கிய பிறகு திரும்புகிற பார்த்திபன், மூங்கில் கால் மட்டும் நின்ற அன்று ஒரு முறை கேட்டான். "இன்னாப்பா, ஆட்டுக்குக் கொட்டாயா?"

"ஆட்டுக்கும்தான்," என்றார் சடையன். பேச்சு அதோடு முடிந்தது.

கட்டி முடித்ததும் சின்னக்குழந்தைக்கு மனசு ஆறவில்லை. வேஷம் கட்டுகிறவளாகவே இருக்கட்டும். பிள்ளை பெற்றவள் வேஷம் அல்லவா? வெறும் குடிசையில் உட்கார வைப்பதா? மூலையில் கல் கூட்டி அடுப்பு வைத்தாள். பானையில் தண்ணீர் காய்ந்தது. சுக்கு, மிளகு, பனைவெல்லம் இடித்து உருண்டை பிடித்து ஒரு கிண்ணத்தில் வைத்தாள். பழம்புடவை ஒன்றைத் துவைத்து, மெத்தென்று மடித்து வைத்தாள். பிறகு ராஜாக்களையும் மேய்ப்பர்களையும் எண்ணிச் சமைக்க ஆரம்பித்தாள். இரண்டு சேவலின் ஆயுசு அன்றோடு முடிந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கிறிஸ்மஸ் என்கிற சந்தோஷத்தில் சடையனும் சின்னக்குழந்தையும் மறந்துபோன ஒன்று. அந்த ஊரில் ஒரு வீட்டு வாசலில் பச்சை ஓலையில் புதுக் குடிசை எழும்பினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அந்த வீட்டுப் பெண் பெரியவளாகிவிட்டாள் என்று அர்த்தம்.

அந்த வீட்டில் பெண்ணும் இருந்தாள். பார்த்திபனின் தங்கை இளவரசி, பன்னிரண்டு வயது, ஹாஸ்டலில் படிப்பவள். அரையாண்டு லீவு விட்டு, இருபத்து நான்காம் தேதி காலை பெட்டியும் படுக்கையுமாக அண்ணனின் ஜீப்பில் வந்து இறங்கினாள். பார்த்திபன் அவளை ரோட்டு முனையிலேயே இறக்கிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விட்டான். ஜீப்பில் இருந்த பெண்கள் ஓலைக் குடிசையைப் பார்த்தார்கள். இறங்கி நடக்கிற பெண்ணைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் என்ன, சேதி பரவக் காற்றுக்குக் கால் முளைக்க வேண்டுமா?

மத்தியானத்துக்குள் பக்கத்து வீட்டு அம்சவல்லி தலைமையில் ஒரு பட்டாளமே வந்துவிட்டது. கையில் தட்டுகள். மஞ்சள், பூ, வாழைப்பழம், கண்ணாடி வளையல், உளுந்தங்களி.

"ஏண்டி சின்னக்குழந்த, பக்கத்து வூட்டுக்காரி எனக்கே சொல்லலியே! வாய வச்சினு சும்மா கீறியே?" என்றாள் அம்சவல்லி.

"இன்னா சொல்லணும்?"

"அடி ஆத்தே, ஒண்ணும் தெரியாதவ! பொண்ணு எங்க? மஞ்ச தண்ணி எப்ப?"

வீட்டுக்குள்ளிருந்து இளவரசி அலறினாள். "அம்மா! நான் இல்ல! நான் லீவுக்கு வந்தேன்!"

"எல்லாப் பொண்ணுங்களும் வெக்கத்துல இப்பிடித்தான் சொல்லும்," என்றாள் ஒருத்தி. தட்டுகள் வரிசையாகத் தரையில் இறங்கின.

சின்னக்குழந்தை வாயைத் திறப்பதற்குள் வேலிப்பக்கம் ஒரு குரல் இடித்தது. நெல்லிவாசலிலிருந்து அவளுடைய அண்ணன் தீர்த்தகிரி வந்துகொண்டிருந்தார். தோளில் புதுப் புடவைப் பை. ஒரு கையில் ஆட்டுக்குட்டியின் கயிறு. முகம் அடுப்புக்கரி மாதிரி கறுத்திருந்தது.

"தாய்மாமன் நான் செத்துட்டனா?" என்றார் வந்ததும் வராததுமாக. "குச்சு கட்டறது யாரு மொற? ஓல வெட்டறது யாரு மொற? மச்சான், நீயே வெட்டி நீயே கட்டிட்டியா? அப்ப நான் எதுக்கு? எவனோ சந்தையில சொல்லி நான் தெரிஞ்சிக்கணுமா?"

"அண்ணே, நீ நெனைக்கற மாதிரி இல்ல. இது கிறிஸ்மஸ் குடிலு!"

"கிறிஸ்மஸுக்கும் எம் மருமகளுக்கும் இன்னாடி சம்மந்தம்?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல அண்ணே! அன்போட அப்பா வர்றாரு. மாதா வர்றாங்க, மூணு ராஜா வர்றாங்க, கூத்து நடக்கப் போவுது..."

தீர்த்தகிரி சடையனைப் பார்த்தார். "மச்சான், இதுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து ஜீவானந்தம் இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பை. பின்னால் எட்டிப் பார்த்தாள் சின்னக்குழந்தை. வேறு யாரும் இறங்கவில்லை. அன்பரசிக்கு டூட்டி முடியும் நேரம் என்று பார்த்திபன், வாசலில் இருந்த கூட்டத்தைப் புரியாமல் பார்த்தபடியே, ஜீப்பைத் திருப்பிக்கொண்டு போனான்.

"வாங்க சம்மந்தி, வாங்க," என்று கும்பிட்டாள் சின்னக்குழந்தை. "மத்தவங்கல்லாம் பின்னால வர்றாங்களா?"

"மத்தவங்களா? யாரும்மா?"

"ராஜாங்க..."

ஜீவானந்தத்துக்குப் புரியவில்லை. பிறகு ஏதோ புரிந்ததுபோல் பையிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்தார். செய்தித்தாள் சுருளைப் பிரித்தார். உள்ளே நீல முக்காடு போட்ட ஒரு பொம்மை. அவருடைய சுண்டுவிரல் உயரம் இருக்கும். அடுத்த சுருளில் கிரீடம் வைத்த ஒரு ராஜா. தீப்பெட்டியை நிமிர்த்தி வைத்தால் அவர் அதன் பின்னால் மறைந்துவிடுவார்.

சடையன் ராஜாவைப் பார்த்தார். தான் போட்ட கொட்டகையின் உயரத்தைப் பார்த்தார். மறுபடி ராஜாவைப் பார்த்தார்.

அம்சவல்லிதான் முதலில் சிரித்தாள். பிறகு அத்தனை பேரும்.

சின்னக்குழந்தைக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சுட்டது. அவர்களுடைய சாமியின் பிறப்பைக் கேலிக்கூத்து ஆக்கிவிட்டோமே. கூட்டம், சீர்த்தட்டு, ஆடு, சண்டை. இவர் என்ன நினைப்பார்? என் பெண் எந்த மாதிரி வீட்டில் இருக்கிறாள் என்றுதானே நினைப்பார்? அந்தப் பையிலும் ஒரு தண்ணீர் பாட்டில் தலை நீட்டிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சிடுங்க சம்மந்தி," என்றாள். "லைனு கட்டாய்டுச்சிங்க. பொம்மைன்னு எனக்குத் தெரியல. இத இப்பவே பிரிச்சிடச் சொல்றேன்."

ஜீவானந்தம் பொம்மைகளைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குடிலுக்குள் போனார். போனவர் வெளியே வரவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சின்னக்குழந்தை வாசலண்டை போய் நின்றாள். அவர் தாள் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அடுப்பில் தணல் கனிந்திருந்தது. சுக்குருண்டைக் கிண்ணம் அவர் கையில் இருந்தது.

"இது யாருக்கும்மா?"

"பிள்ள பெத்தவங்களுக்குங்க. மலைக் குளுரு. பச்ச ஒடம்பு தாங்குமா? அதான் வெந்நீரும் போட்டு வச்சேன்." அவள் தயங்கினாள். "வேஷம் கட்டினு வர்ற பொண்ணுக்குன்னு நெனச்சேன்."

ஜீவானந்தம் கிண்ணத்தை முகத்தருகே கொண்டுபோனார்.

"அன்பு பொறந்தப்ப எங்க வூட்டுல பூரா இந்த வாசனைதான்," என்றார். அவர் எப்போதும் பாடம் நடத்துகிற மாதிரி அளந்து பேசுகிறவர். அந்த 'வூடு' எங்கிருந்தோ தானாக வந்தது. "இதே மார்கழிதான். எங்க அம்மா இடிச்சாங்க. அவங்களும் போய்ட்டாங்க, அன்போட அம்மாவும் போய்ட்டா. நான் வருஷா வருஷம் பொம்மைய வெளிய எடுக்கறேன், திரும்ப உள்ள வைக்கறேன். இந்த வாசனையே மறந்துபோச்சு."

ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் மெல்லுவதையே சின்னக்குழந்தை பார்த்துக்கொண்டிருந்தாள். காரத்தில் அவர் கண் கலங்கியது. காரத்தில்தான் என்று அவளும் வைத்துக்கொண்டாள்.

"சம்மந்தியம்மா, ஒரு முறம் இருக்குதா?"

முறத்தில் சாமைத் தாள் பரப்பி, அதை நடுவில் வைத்து, அவரே பொம்மைகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். ஆள் உயரக் குடிசையில் விரல் உயரக் குடும்பம். கடைசியாக, மடித்து வைத்த பழம்புடவையின் ஓரத்தைக் கிழிக்கலாமா என்று கண்ணால் கேட்டார். அவள் தலையாட்டினாள். அந்தத் துண்டில் குழந்தையைக் கிடத்தினார்.

பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். பார்த்து முடிந்ததும் புதிதாக ஒரு கவலை வந்தது.

"தட்டெல்லாம் இப்ப இன்னா பண்றது?" என்றாள் அம்சவல்லி. "சீருன்னு எடுத்தாந்தத அப்பிடியே திருப்பி எடுத்தும்போவக் கூடாது. வூட்டுக்கு ஆவாது."

"ஏம்மா திருப்பி எடுத்துட்டுப் போறீங்க?" என்று உள்ளிருந்தே கேட்டார் ஜீவானந்தம். "பிள்ள பொறந்த வூட்டுக்குத்தான வந்திருக்கீங்க? இப்பிடி வைங்க."

அம்சவல்லி ஒரு கணம் விழித்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்து, மஞ்சளும் பூவும் வளையலும் முறத்தின் முன்னால் வைத்தாள். "வளையலு பெருசாக் கீது. மாதா கோச்சிக்காதீங்க," என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டாள். மற்றவர்களும் வரிசையாக வந்தார்கள். ராஜாக்களின் கிரீடத்துக்கும் மேலே வாழைப்பழம் குவிந்தது. உளுந்தங்களித் தட்டுக்கு இடமில்லை. சூசையப்பரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள்.

தீர்த்தகிரி மட்டும் வெளியே ஆட்டுக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு முறைப்பாக நின்றார். கோபம் பாதி இறங்கிவிட்டது. எங்கே இறக்கி வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"வாத்தியாருங்களே, ஒண்ணு கேக்கறேன்," என்றார். "இந்தப் பிள்ளைக்குத் தாய்மாமன் யாருங்க?"

ஜீவானந்தம் யோசித்தார். மேய்ப்பர்கள் யார், ராஜாக்கள் எந்தத் திசையிலிருந்து வந்தார்கள் என்றெல்லாம் எத்தனையோ பேர் அவரைக் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"வேதத்துல அது எழுதலீங்களே."

"எழுதலன்னா இல்லன்னு ஆயிடுமா? மாமன் இல்லாம ஒரு பிள்ள பொறக்குமா?" தீர்த்தகிரி துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "அப்ப இன்னிக்கி நான்தான். யாரும் குறுக்க வராதீங்க."

சொன்னதோடு நிற்கவில்லை. ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோய் மூங்கில் காலில் கட்டினார். புதுப் புடவையை மாதாவின் முன்னால் வைத்தார். முறை தப்பாமல் வெற்றிலை பாக்கும் வைத்தார். ஆட்டுக்குட்டி எந்தப் பயமும் இல்லாமல் முறத்துத் தாளை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்த இளவரசி அப்போதுதான் வெளியே ஓடி வந்து அதன் காதைப் பிடித்தாள்.

"ஏய், ராஜாவத் தின்னுடாத!"

"மருமவளே, உனக்கு வேற ஆடு வச்சிருக்கேன்," என்றார் மாமன்.

"எனக்கு ஒண்ணும் வாணாம் போ மாமா!"

சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே ஜீவானந்தம் எழுந்தார். சட்டையில் ஒட்டியிருந்த தாளைத் தட்டினார். சின்னக்குழந்தையின் பக்கம் திரும்பி, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

"சம்மந்தியம்மா, பசிக்குது."

அவள் ஓடினாள். வயதை மறந்து ஓடினாள். மூன்று ராஜாக்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் சேர்த்துச் சமைத்தது வீணாகவில்லை; வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் இலை விழுந்தது. ஜீவானந்தத்துக்குச் சாமைச்சோறு போடும்போது அவள் அள்ளிப் போட்ட வேகத்தில் சோறு இலைக்கு வெளியேயும் விழுந்தது. அவர் அதை எடுத்து இலையில் போட்டுக்கொண்டார். கோழிக்குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். சொம்பு அவர் கைக்குப் போனது.

நட்சத்திரத்தில் விளக்கு எரிய ஆரம்பித்த நேரத்தில் அன்பரசி வந்து இறங்கினாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. குடிலைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள். கடைசியில், பந்தியில் தீர்த்தகிரி பக்கத்தில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா... சாப்பிடறீங்களா?"

"ஏன், சாப்பிடக் கூடாதா?"

அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து சிரித்தாள். பார்த்திபன் பயந்துபோய் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஊரே பார்க்கிறது என்று அவன் நெளிந்தான். ஆனால் தோளை நகர்த்தவில்லை.

"மாமா," என்றான் அவன் சிறிது நேரம் கழித்து. "கடைசி பஸ்ஸுக்கு இப்பக் கெளம்பினாத்தான் புடிக்க முடியும்."

ஜீவானந்தம் இலையை மடித்தார். "அது போவட்டும் விடுங்க. காலைல அன்பு கூட ஜமுனாமரத்தூர்ல பூச பாத்துக்கறேன். குடில் இங்க இருக்கும்போது நான் அங்க போய் இன்னா பண்ணப் போறேன்?"

சின்னக்குழந்தை குலசாமியை நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு, அவர்களுடைய சாமிக்கும் சேர்த்து என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

பனி இறங்கத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து ஒரு கோரைப்பாயை எடுத்து வந்து குடிலின் வாசலில் தொங்கவிடப் பார்த்தாள். உயரம் எட்டவில்லை. கை கழுவிவிட்டு வந்த ஜீவானந்தம் பாயின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கிக் கட்டினார்.

"காத்து போற மாதிரி கொஞ்சம் எடம் விடுங்க சம்மந்தி," என்றாள் அவள். "உள்ள கொழந்த தூங்குது."